பயிர் மருந்தும் மேனி வேக்காடும்

(நமது சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



கல்வி நிதியைப் பற்றியும் கலியாணச் செலவைக் குறைப்பதைப் பற்றியும் பேசிக் கேட்ட இம்மேடையில், இன்று நாம் எடுத்துக்கொண்ட விஷயம் சிலருக்குப் புதுமையாகத் தோன்றலாம். பயிர் மருந்துகளை அளக்கும்போதும் கலக்கும்போதும் தெளிக்கும்போதும் உழவர் மேனியில் உண்டாகும் வேக்காட்டுப் புண்களைக் குறித்துச் சில வார்த்தைகள் சொல்லப் புகுந்தோம். சங்கக் கூட்டத்தில் புண்ணைப் பற்றிப் பேசுவானேன், அதற்கு டாக்டர்கள் இல்லையா என்று பின்வரிசையில் எவரேனும் முணுமுணுப்பாராயின், அவர் தம் பக்கத்தில் அமர்ந்திருப்போரின் கைவிரல் நகங்களை ஒருமுறை உற்று நோக்குமாறு வேண்டுகிறோம். நம் குடும்பங்களிற் பெரும்பாலானவை நிலத்தை நம்பி நிற்பவை. நகம் வெளிறியும், குறுக்கே வரிவிழுந்தும், நுனி பொடிந்தும் போன விரல்கள் இக்கூட்டத்திலேயே இல்லாமற் போகா.

முதற்கண் ஒரு சொல்லைப் பற்றிச் சொல்லவேண்டும். பூச்சியைக் கொல்வதையும் களையைக் கருக்குவதையும் நாம் மருந்து என்றே வழங்குகிறோம். மருந்தடிக்கப் போனான், மருந்து வாங்கி வந்தான் என்கிறோம். நோய் தீர்ப்பதற்கு அமைந்த நல்ல சொல்லை நஞ்சுக்குச் சூட்டியதனாலோ என்னவோ, அது மேனியிற் பட்டால் நமக்கு அச்சம் எழுவதில்லை. குடித்தால் உயிர் போகும் என்பதை அறியாதார் இல்லை. மூச்சோடும் தோலோடும் உட்சென்று மயக்கந் தருவதையும் பலர் அறிவர். 2017-ஆம் ஆண்டில் மகாராஷ்டிரத்து யவத்மால் ஜில்லாவில் மருந்து தெளித்த உழவரும் கூலியாட்களுமாக இருபதின்மருக்கு மேல் இறந்து, நூற்றுக்கணக்கானோர் ஆஸ்பத்திரியிற் கிடந்த செய்தி நாடெங்கும் பரவிற்று. ஆனால் தோலைச் சுடும் தீங்கு செய்தியாவதில்லை. ‘கொஞ்சம் பட்டுவிட்டது, எரிகிறது’ என்ற அளவில் அது நின்றுவிடுகிறது. எரிச்சல் தணிந்தால் மறந்துபோகிறது. தணியாவிட்டால் வேறொரு பெயர் பெற்று வேறொரு சிகிச்சைக்குப் போய்விடுகிறது.

தீயினாற் சுட்ட புண்ணுக்கும் இதற்கும் உள்ள வேற்றுமையை நன்றாக அறிதல் வேண்டும். அடுப்புத் தீ கையைச் சுட்டால், கையை இழுத்ததும் தீ விலகிவிடுகிறது. குளிர்ந்த நீரை ஊற்றினால் தோலில் தங்கிய சூடும் தணிந்துவிடுகிறது. திராவகமும் சுண்ணாம்பும் களைக்கொல்லியும் அத்தன்மையன அல்ல. பாட்டிலைக் கீழே வைத்த பின்னும், வரப்பைவிட்டு வீடு சேர்ந்த பின்னும், மேனியில் ஒட்டிய துளி தன் வேலையைச் செய்துகொண்டேயிருக்கும். அதனை அகற்றுமளவும் சுடுதல் ஓய்வதில்லை. அடிபட்டவனை வண்டியில் ஏற்றி நகரத்து ஆஸ்பத்திரிக்கு முப்பது மைல் ஓட்டிச் சென்றால், அந்த முப்பது மைலும் அத்துளியும் உடன் பயணஞ் செய்து உள்ளே இறங்குகிறது. டாக்டர் வீட்டு வாசலிற் போய் நிற்கும்போது அவர் காண்பது காலையில் பட்ட புண்ணை அன்று. காலை முதல் அதுவரை வெந்த புண்ணை.

இனி, திராவகங்கள் ஒருவகை, காரங்கள் மற்றொருவகை. திராவகம் தோலிற் பட்டவுடன், சூட்டிற் கோழிமுட்டையின் வெண்கரு இறுகுவது போலத் தசையை இறுகச் செய்து ஒரு பொருக்கை உண்டாக்குகிறது. வலி கொடிதாயினும், அப்பொருக்கே ஓரளவு தடையாகித் திராவகம் மேலும் ஆழ்வதைத் தாமதப்படுத்துகிறது. சுண்ணாம்பு முதலிய காரங்கள் அப்படித் தடை வைத்துக்கொள்வதில்லை. அவை தோலிலுள்ள கொழுப்பைச் சவர்க்காரமாக மாற்றித் தசையைக் கரைத்துக்கொண்டே செல்லும். ஈரச் சுண்ணாம்பை விரல்களிடையே தேய்க்கும்போது தோன்றும் வழுவழுப்பில் நம் தோலின் கொழுப்பு சவர்க்காரமாவதும் உண்டு என்பதை அறிந்தால், அடுத்த முறை வெறுங்கையால் அதனைக் கரைப்பவர் சற்றே தயங்குவர். இதில் வஞ்சகமான ஒன்று யாதெனில், காரம் தொடக்கத்தில் அவ்வளவாக வலிப்பதில்லை. வலியில்லையென்று மனிதன் வேலையைத் தொடர்கிறான்; மாலையிற் பார்க்கும்போது தோல் வெளுத்துக் கொழகொழத்திருக்கிறது.

கண்ணைப் பொறுத்தமட்டில் சுண்ணாம்பைவிடக் கொடியது வீட்டில் வேறில்லை எனலாம். வெற்றிலைக்கு வைத்திருக்கும் சுண்ணாம்புப் பொட்டலத்தைக் குழந்தை அழுத்தி விளையாட, அது வெடித்துக் கண்ணிற் தெறித்துப் பார்வை கெட்ட நிகழ்ச்சிகளைக் கண் வைத்தியர்கள் நம் நாட்டில் மீண்டும் மீண்டும் எழுதி வருகின்றனர். தாய்மார்கள் இதனைக் குறித்துக்கொள்வார்களாக. வயலுக்குப் போகாத குழந்தைக்கும் இவ்வபாயம் உண்டு.

நிற்க. நம் வயல்களில் இவை எவ்வழியே வருகின்றன என்று பார்ப்போம்.

பருத்தி விளைப்போருக்குக் கந்தகத் திராவகம் புதிதன்று. விதையின்மேல் ஒட்டியிருக்கும் பஞ்சு நீங்கினால் விதை சீராக முளைக்கும். பஞ்சிலே ஒட்டிய பூச்சி முட்டைகளும் நோய்க்கிருமிகளும் ஒழியும். அதற்காக ஒரு கிலோ விதைக்கு 100 மில்லி கந்தகத் திராவகத்தைப் பிளாஸ்டிக் வாளியில் ஊற்றி, மரக்குச்சியால் இரண்டு மூன்று நிமிஷம் விடாமற் கிளறி, விதை காப்பிக் கொட்டை நிறம் அடைந்ததும் நிறைய நீர்விட்டு நாலைந்து முறை அலசவேண்டுமென்பது விவசாய இலாகாவினர் கற்பித்த முறை. முறை நல்லதே. அபாயம் எங்கே என்றால், அந்த நீர் விடும் இடத்தில். திராவகத்தின்மேல் கொஞ்சமாக நீரை விட்டால் அக்கணமே கொதித்து, கொதித்த திராவகம் முகத்தில் தெறிக்கும். ஆகவே விதையின் மேல் மிஞ்சி நிற்கும் திராவகத்தை வடித்துவிட்டு, சூட்டையெல்லாம் வாங்கிக்கொள்ளத்தக்க அளவு நீரை ஒரே மூச்சிற் கொட்டவேண்டும். செம்பினால் மொண்டு சிறிது சிறிதாக ஊற்றுவது நம் பெண்டிரின் வழக்கம். சமையலறையில் அழகான அவ்வழக்கம் இங்கே ஆகாது. 2002-க்குப் பின் பொட்டலமாக விற்கும் பருத்தி விதை பெரும்பாலும் பஞ்சு நீக்கியே வருவதால், இவ்வேலை வயல்வீடுகளிற் குறைந்து விதை ஆலைகளிற் பெருகிவிட்டது. ஆயினும் அவ்வாலைகளிற் கூலிக்குப் போகிறவர்களும் நம் ஊராரே என்பதை மறத்தல் தகாது.

பருத்தியில் குறைந்த திராவகம் சொட்டுநீர்க் குழாயின் வழியாக மறுபடி வந்து சேர்ந்திருக்கிறது. உப்பு நிறைந்த கிணற்று நீர் ஓடும் ஊர்களிற் குழாயின் கண்கள் சுண்ணப் படிவத்தால் அடைபடுகின்றன. அதைக் கரைக்க உப்புத் திராவகம் விடுகிறார்கள். திராவகத்தை நீரிற் சேர்க்கவேண்டுமேயன்றி நீரைத் திராவகத்திற் சேர்க்கலாகாது என்னும் விதி இங்கேயும் அதுவே. மற்றொரு விதியும் உண்டு. குழாயிற் பாசி நீங்கப் பிளீச்சிங் பவுடர் கரைத்து விடுவோர், அதே நாளில் அதே வாளியில் திராவகத்தைச் சேர்ப்பாராயின், குளோரின் என்னும் நச்சுக் காற்று எழுந்து கண்ணையும் தொண்டையையும் மார்பையும் சுட்டுவிடும். இரண்டும் குழாயைச் சுத்தஞ் செய்வனவே ஆதலால் இரண்டையும் சேர்த்தால் இரட்டிப்புச் சுத்தம் என்று எண்ணுவது இளைஞர்களிடம் காணும் ஒரு புத்திசாலித்தனம்!

மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்த போர்டோக் கலவை மிகப் பழையது. பிரான்சு தேசத்துப் போர்டோப் பகுதியில், பாதையோரத்துத் திராட்சைக் கொடிகளில் வழிப்போக்கர் பழம் பறியாதபடி அருவருப்பாகத் தோன்றுவதற்கென்று இவ்விரண்டையும் தெளித்து வைத்திருந்தார்களாம். அக்கொடிகளில் மட்டும் நோய் இல்லாதிருக்கக் கண்ட மில்லார்தே என்னும் பண்டிதர் ஆராய்ந்து 1885-இல் உலகுக்கு வெளியிட்டார். திருடரை விலக்கப் போட்டது நோயை விலக்கிற்று. இன்றும் திராட்சை, பாக்கு, காப்பி முதலியவற்றுக்கு ஒரு கிலோ மயில்துத்தம், ஒரு கிலோ சுண்ணாம்பு, 100 லிட்டர் நீர் என்ற அளவில் நம்மவர் கலக்கின்றனர். மயில்துத்தம் கண்ணைக் கரிக்கும்; எனினும் பெரிய அபாயம் நீற்றாத கற்சுண்ணாம்பிலேதான். நீர்பட்டதும் அது கொதித்து வெடிப்பதை எல்லாரும் கண்டிருக்கிறோம். கண்டு பழகியதனாலேயே குனிந்து முகத்தை அதற்குமேல் நீட்டிக்கொண்டு கிளறுகிறோம்.

இனிக் களைக்கொல்லி. களையெடுக்க ஆள் கிடைக்காத இக்காலத்தில் இதனை அடியோடு ஒதுக்குக என்று சொல்வது எளிது, செய்வது அரிது. நாம் அவ்வாறு சொல்லப்போவதில்லை. ஆனால் பாராக்குவாட் என்ற ஒன்றைத் தனியே குறிப்பிடாமல் அப்பாற் செல்ல மனம் வரவில்லை. 1962-இல் விற்பனைக்கு வந்தது இது. பச்சையாக உள்ளதையெல்லாம் ஓரிரு நாளிற் கருக்கும் வல்லமையால் தோப்பு, தோட்டம், தேயிலைமலை எங்கும் பரவிற்று. ஐரோப்பிய ஒன்றியத்தில் இதன் அனுமதி 2007-இல் ரத்தாயிற்று. நம் அண்டை மாநிலமாகிய கேரளம் 2011-இல் தடுத்தது. மலேசியா 2020-இல் விலக்கிற்று. இதன் கெட்டியான திரவம் கையிற் பட்டால் தோல் சிவந்து கொப்புளிக்கும். நகம் வெளுத்துக் கழன்று விழும். கண்ணிற் பட்டால் முதல்நாள் அதிகம் தெரியாது. மறுநாளும் அதற்குப் பின்னுமே கருவிழியின் மேற்றோல் உரியத் தொடங்கும். முழுமையான தோலின் வழியே இந்நஞ்சு உடலுக்குள் அதிகமாகப் புகுவதில்லை. ஆனால் நெடுநேரம் தோலோடு ஒட்டிக் கிடந்து தோலைப் புண்ணாக்கிவிட்டால், அப்புண்ணின் வழியே தாராளமாகப் புகுகிறது. தான் நுழைவதற்குரிய வாசலைத் தானே திறந்துகொள்கிறது என்க. புகுந்தபின் சிறுநீரகத்தைக் கெடுத்து, நுரையீரலைத் தடிக்கச் செய்து, மூச்சை அடைக்கிறது. இதற்கு மாற்று மருந்து இதுகாறும் கண்டறியப்படவில்லை.

நமக்குத் தெரிந்த ஓர் ஊரில், நம் சங்கத்து அங்கத்தினர் ஒருவரின் தென்னந்தோப்பில் நடந்ததைச் சொல்லுகிறோம். ஊரும் பேரும் வேண்டா. தோப்பிற் களை மண்டியிருந்தது. மருந்தடிக்க வந்தவர் ஐம்பது வயதைக் கடந்த கூலியாள். முதுகில் மாட்டும் டேங்கின் மூடியிலும் கீழ்க் குழாயிலும் வாஷர் தேய்ந்து கசிந்துகொண்டிருந்தது. முதல் நாள் பொழுது சாய்வதற்குள்ளேயே அவர், “டேங்கு ஒழுகுதுங்க, முதுகெல்லாம் நனையுதுங்க” என்றார். “இன்னிக்கு ஒரு பொழுது ஓட்டிருப்பா, நாளைக்கு வாஷர் வாங்கிப் போட்டுக்கலாம்” என்று விடை வந்தது. நாளை என்பது வரவில்லை. மூன்று நாள் அதே டேங்கு, அதே நனைந்த சட்டை. மூன்றாம் நாள் இரவு முதுகின் கீழும் தொடையின் உட்புறமும் கொப்புளம் கண்டது. வெயிற்காலம் ஆதலின் அக்கி என்றார்கள். குயவர் வீட்டுக்குப் போய்ச் செங்காவியால் அக்கி எழுதிக்கொண்டு வந்தார். வேப்பிலை அரைத்துப் பூசினார்கள். ஒரு வாரம் கழிந்து சிறுநீர் குறைந்தது. பிறகு நாலடி நடந்தால் மூச்சு இரைத்தது. அப்பொழுதே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். என்ன மருந்து அடித்தார் என்று டாக்டர் கேட்டதற்கு, உடன்சென்ற மகனுக்குப் பெயர் தெரியவில்லை, பாட்டிலை எறிந்துவிட்டிருந்தார்கள். மூன்றாம் வாரத்தில் அவர் மாண்டார்.

அவர் நம் குலத்தவரல்லர். அதனாலே நமக்கென்ன என்று எவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆயினும் அவ்வூர்க் கிளைச் சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் இதைக் குறித்து ஒரு சொல்லும் எழவில்லை என்று கேள்விப்பட்டோம். வாஷரின் விலை சில ரூபாய். தோப்பு நம்முடையது, டேங்கு நம்முடையது, மருந்து நம்முடையது; முதுகு மாத்திரம் பிறருடையது. இவ்விஷயத்தைச் சங்கத்தின் மேடையில் எடுத்ததற்குக் காரணம் இதுவே.

சட்டம் இல்லையா எனின், உண்டு. 1968-ஆம் வருஷத்துப் பூச்சிக்கொல்லிச் சட்டமும் அதன்கீழ் 1971-இல் வகுத்த விதிகளும், மருந்தைக் கையாள்வோருக்குத் தக்க உடையும் காப்பும் இருக்கவேண்டுமென்றும், ஒவ்வொரு பொட்டலத்துடனும் தேச பாஷையிலும் அச்சிட்ட துண்டுத்தாள் வைக்கவேண்டுமென்றும் விதிக்கின்றன. துண்டுத்தாள் இருக்கத்தான் இருக்கிறது, எறும்பெழுத்தில் இருக்கிறது. பாட்டிலின்மேல் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்னும் நான்கு நிறங்களுள் ஒன்றால் முக்கோணம் இட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். சிவப்பு மிகக் கொடியது, பச்சை மிகக் குறைந்தது. இங்கே ஒரு தவறான எண்ணத்தைக் களையவேண்டும். அந்நிறம் உயிரைக் கொல்லும் அளவைக் குறிப்பதேயன்றி, தோலையும் கண்ணையும் சுடும் தன்மையைக் குறிப்பதன்று. பச்சை முக்கோணம் உள்ள மருந்தும் கண்ணைக் கெடுக்கலாம். திராவகத்துக்கும் சுண்ணாம்புக்கும் முக்கோணமே இல்லை. அவை அச்சட்டத்துக்குட்பட்ட மருந்துகள் அல்ல. திராவகத்தைக் கடையில் விற்போர் வாங்குவோரின் பெயரைப் பதிவு செய்யவேண்டுமென்றும், பதினெட்டு வயது நிரம்பாதாருக்குக் கொடுக்கலாகாதென்றும் 2013-இல் உச்ச நீதிமன்றம் கட்டளையிட்டது. வாங்கி வந்தபின் அது நம் வீட்டில் எந்தப் பாட்டிலில் குடியிருக்கிறது என்பதை நீதிமன்றம் வந்து பார்க்குமா? கலர் பானம் வந்த பாட்டிலில் திராவகத்தை ஊற்றி மாடத்தில் வைக்கும் வழக்கத்தை இன்றே ஒழிக்கவேண்டும்.

இவ்வளவும் சொன்னது ஒன்றைச் சொல்வதற்காக. அடிபட்ட மேனியைக் காப்பது நீர். டாக்டரும் களிம்பும் அதற்குப் பின்னரே. அந்நீர் விபத்து நேர்ந்தபின் தேடப்படும் நீராக இருத்தலாகாது. பாட்டிலின் மூடியைத் திருகுமுன் பக்கத்தில் வந்து நிற்கும் நீராக இருக்கவேண்டும். அமெரிக்க தேசத்து மக்காச்சோள வயல்களில் அமோனியா வாயுவை அழுத்தித் திரவமாக்கி உரமாக மண்ணுக்குள் செலுத்துகிறார்கள். அது நீரைத் தேடி ஓடும் பொருள். மனித உடலில் ஈரமுள்ள கண்ணையும் தொண்டையையும் அக்குளையும் முதலிற் பற்றும். அதனை ஏற்றிச் செல்லும் வண்டி ஐந்து காலன் நல்ல நீரையும் உடன் ஏற்றிச் செல்லவேண்டுமென்று அங்கே விதி வைத்திருக்கின்றனர். நஞ்சு போகுமிடமெல்லாம் நீரும் போகவேண்டும் என்ற அவ்விதியை நாம் கடன் வாங்கிக்கொள்வதில் இழுக்கில்லை.

எவ்வளவு நீர்? கண்ணைக் கழுவ, நிமிஷத்துக்கு ஒன்றரை லிட்டர் வீதம் பதினைந்து நிமிஷம் என்பது தொழிற்சாலைகளுக்கு அந்நாட்டார் வைத்துள்ள குறைந்தபட்ச அளவு. கணக்கிட்டால் இருபத்திரண்டு லிட்டர் சொச்சம். நம் பிளாஸ்டிக் குடத்தில் ஏறக்குறைய இரண்டு குடம். பம்புசெட் இருக்கிறதே, தொட்டி இருக்கிறதே என்பீர்கள். மும்முனை மின்சாரம் எந்த நேரத்தில் வரும், எந்த நேரத்தில் போகும் என்பதை நம்மைவிட நன்கறிந்தவர் யார்? கிணற்றில் நீர் நிறைய இருந்தும், கண்ணைப் பொத்திக்கொண்டு துடிக்கிறவனுக்கு அது கைக்கெட்டாத நீரே. ஆகையால் மருந்து கலக்கும் இடத்தில் இரண்டு குடம் நல்ல நீர், ஒரு செம்பு, ஒரு சவர்க்காரக் கட்டி, ஒரு பழஞ்சேலை அல்லது வேட்டி. இவை வந்து சேர்ந்த பிறகே மருந்துப் பாட்டில் திறக்கப்படவேண்டும்.

மேனியிற் பட்டால், ஒரு கணமும் யோசியாமல் நனைந்த துணியைக் கழற்றிக்கொண்டே நீரை ஊற்றவேண்டும். துணியைக் கழற்றிவிட்டுப் பிறகு நீர் என்று காத்திருத்தலும் கூடாது. பதினைந்து நிமிஷத்துக்குக் குறையாமல், சுண்ணாம்பாயின் அரைமணிக்குக் குறையாமல், ஓடும் நீராக ஊற்றவேண்டும், தேய்க்கக் கூடாது. இரண்டு குடம் தீருமுன் ஒருவர் ஓடி மேலும் கொண்டுவரவேண்டும். எண்ணெய்ப் பசையுள்ள பூச்சி மருந்தாயின் சவர்க்காரமும் இட்டுக் கழுவுக. உலர்ந்த கற்சுண்ணாம்புத் தூளாயின் முதலில் உலர்ந்த துணியாலே தட்டிவிட்டு, பிறகு வெள்ளமாக நீர்விடுக. சிறிது நீர் மட்டும் பட்டால் தூள் மேனியின்மேலேயே நீறிக் கொதிக்கும். கண்ணாயின், அடிபட்ட கண் கீழ்ப்பக்கமாக இருக்கும்படி தலையைச் சாய்த்து, இமைகளை இரு விரலால் நன்றாக விரித்துப் பிடித்து, மூக்கோரத்திலிருந்து வெளிப்புறமாக நீரை ஒழுகவிடவேண்டும். வலியால் அவர் இமையை மூடிக்கொள்வார். பக்கத்திலிருப்பவர் திறந்து பிடிக்கத்தான் வேண்டும். கிணற்று நீர், வாய்க்கால் நீர், குடிநீர், எது தெளிவாகக் கிடைக்கிறதோ அதுவே போதும். சுத்திகரித்த நீருக்காக ஒருவரை ஊருக்குள் அனுப்பிவிட்டுக் காத்திருந்ததைக் கேட்டிருக்கிறோம்.

செய்யத்தகாதன பல. திராவகம் பட்ட இடத்தில் சுண்ணாம்பைத் தடவினால் ஒன்றை ஒன்று முறிக்கும் என்பது பள்ளிக்கூடத்திற் படித்தவர்கள் செய்யும் பிழை. சோதனைக் குழாயில் அது முறிக்கும். முறிக்கும்போது சூடு பிறக்கும். மேனியில் அச்சூடு மற்றொரு வேக்காடு. சுண்ணாம்பு பட்டதற்கு எலுமிச்சம்பழம் பிழிவதும் அத்தகையதே. தேங்காயெண்ணெய், வெண்ணெய், பற்பசை, பேனா மை, மஞ்சள், சாணம் இவையெல்லாம் நஞ்சை மேனியோடு சேர்த்து மூடி வைப்பனவாம். கொப்புளத்தை உடைக்கலாகாது. கழுவி முடித்தபின் சுத்தமான துணியைத் தளர்வாகப் போர்த்தி, 108-க்குச் சொல்லி, பாட்டிலை அதன் மேற்சீட்டோடு பைக்குள் வைத்து உடன் எடுத்துச் செல்லவேண்டும். பாராக்குவாட் என்று தெரிந்தால், புண் சிறிதாயினும் அன்றைக்கே போகவேண்டும். நஞ்சு உட்புகுந்ததா என்பதைச் சிறுநீரைச் சோதித்து அறியும் முறை டாக்டர்களிடம் உண்டு.

தாய்மார்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். நாற்பது பேர் வேலை செய்யும் இடத்தில் ஒரு பெண்ணின் சேலையில் திராவகம் கொட்டினால், அவள் முதலில் நினைப்பது எரிச்சலை அன்று, சுற்றி நிற்கும் ஆடவரை. சேலையை இறுக்கிப் பிடித்துக்கொண்டே வீட்டுக்கு ஓடுகிறாள். நனைந்த துணி அவ்வளவு தூரமும் மேனியோடு ஒட்டிச் சுடுகிறது. அவளைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. அவ்வாறு வளர்த்தவர்கள் நாமே. அதற்காகவே பழஞ்சேலை ஒன்றைக் குடத்தோடு சேர்த்து வைக்கச் சொன்னோம். இரண்டு பெண்கள் அதை விரித்துத் திரையாகப் பிடித்தால் காரியம் முடிந்தது. ஆடவர்கள் முதுகைத் திருப்பிக்கொண்டு நீர் மொண்டு கொடுக்கலாம்.

கையுறை, கண்ணாடி, முழுக்கைச் சட்டை ஆகியவற்றைப் பற்றி நெடுகச் சொல்லவேண்டுவதில்லை. சித்திரை வெயிலில் அவற்றையெல்லாம் அணிந்து ஒரு பகல் முழுதும் நடக்கச் சொல்பவர் தாம் ஒருமுறை நடந்து பார்த்தாரில்லை. ஆயினும் பாட்டிலைத் திறந்து அளந்து கலக்கும் சில நிமிஷங்களிலேதான் கெட்டியான மருந்து கைக்கும் கண்ணுக்கும் மிக அருகே வருகிறது. அச்சில நிமிஷங்களுக்காவது நைட்ரைல் என்னும் செயற்கை ரப்பர்க் கையுறையும், பக்கம் மூடிய கண்ணாடியும் இன்றியமையாதன. துணிக் கையுறை வேண்டா. அது மருந்தைக் குடித்துக் கையோடு ஒட்டி வைத்துக்கொள்ளும், வெறுங்கையே மேல். டேங்குக்கும் முதுகுக்கும் இடையே அகலமான பிளாஸ்டிக் தாள் ஒன்று தொங்கினால் கசிவு மேனியிற் சேராது. நாளும் வேலை முடிந்தவுடன் குளிக்க இடமும் சவர்க்காரமும் நிலத்துக்குடையவர் கொடுக்கவேண்டும். மருந்துச் சட்டையை வீட்டுத் துணிகளோடு சேர்த்துத் துவைக்கவும் கூடாது.

நம் சங்கம் இதிற் செய்யத்தக்கது பெரிதொன்றுமில்லை. ஒவ்வொரு கிளையும் நான்கு ஜோடி கையுறை, இரண்டு கண்ணாடி, ஒரு பெட்டி வாஷர் வாங்கி வைத்து, மருந்தடிக்கும் காலத்தில் அங்கத்தினருக்கும் அவர்களிடம் வேலை செய்வோருக்கும் வேற்றுமையின்றிக் கொடுக்கலாமென்று காரியக் கமிட்டியாரிடம் எழுதிக் கொடுத்திருக்கிறோம். ஆண்டுவிழாவுக்குப் பந்தல் போடும் செலவில் ஒரு மூலையும் இதற்கு ஆகாது. கமிட்டியார் அடுத்த மாதக் கூட்டத்தில் முடிவு சொல்வதாக வாக்களித்துள்ளனர்.

இப்பொழுது மேஜையின்மேல் மூன்று டேங்குகள் வைத்திருக்கின்றன. மூன்றும் நம் அங்கத்தினர் இருவரின் வயல்களிலிருந்து நேற்று மாலை வரையில் உபயோகத்தில் இருந்தவை. நன்றாகக் கழுவி நல்ல நீர் நிரப்பியிருக்கிறோம். இவற்றில் இரண்டு ஒழுகுகின்றன. எங்கே ஒழுகுகின்றன என்பதை யாவரும் அருகே வந்து பார்க்கலாம். பம்பு வேலை தெரிந்த நம் சகோதரர் ஒருவர் மூடியிலும் குழாயிலும் வாஷர் மாற்றும் விதத்தைக் காட்டுவார். தத்தம் டேங்கைக் கொண்டுவந்திருப்போர் வலப்பக்கத்து வாசலருகே வரிசையாக வைப்பார்களாக.